டீச்சர் உட்காரும் இடம்

வளைவில் திரும்பும்போது வண்டிக்குள் தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது.

வெளியே மழை. கூரையில் விழும் மழை, கண்ணாடியில் அடிக்கும் மழை, சக்கரத்துக்கடியில் சீறும் மழை, இதெல்லாம் வேன்காரம்மாவுக்குப் பழகிப்போன சத்தங்கள். இது வேறு. பாதிக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் உள்ளே அலம்புமே, அப்படி ஒரு சளப். இடது பக்கம், கதவுப் படிக்குள்ளேயிருந்து வந்தது. வண்டி நேரானதும் அடங்கிவிட்டது.

"கேட்டுச்சா டீச்சர்?"

"எனக்குக் கால்தான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு," என்றார் பின்னால் சக்கர நாற்காலியில் இருந்த டீச்சர். "என்ன, உன் வண்டி மாசமா இருக்கா?"

வேன்காரம்மா சிரித்தாள். பாதிச் சிரிப்பில் ஒரு பைக் சந்திலிருந்து குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. டீச்சரின் நாற்காலி மட்டும் நிற்கவில்லை. இடது சக்கரம் ஒரு விரலளவு முன்னால் நகர்ந்து, நாற்காலி வலப்பக்கம் லேசாகத் திரும்பி, அப்புறம்தான் நின்றது.

டீச்சர் இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றியிருந்தார். சிரிப்பு போய்விட்டது.

"நேத்தும் இப்படித்தான் திரும்புச்சு. பட்டை தளர்ந்திருக்கும்னு விட்டுட்டேன்."

வேன்காரம்மா ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து ஏறினாள். சக்கர நாற்காலியை வண்டித் தரையோடு கட்டிப்போட நான்கு வளையங்கள், நான்கு பட்டைகள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வண்டி சட்டென்று நின்றால் நாற்காலி முன்னால் பாயாமல் இழுத்துப் பிடிப்பது பின் வளையங்கள்தான். இடது பின்பட்டையைச் சுண்டிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. வளையத்தைச் சுற்றி ரப்பர் விரிப்பு மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். தரை உள்ளே போனது. விரல் சந்துகளில் தண்ணீர் ஊறி வந்தது, பழுப்பாக.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"நான் வாத்திச்சி. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைங்க எல்லாம் இதே மூஞ்சியோடதான் ஒண்ணுமில்லம்பாங்க."

வேன்காரம்மா முன்னால் போய் வண்டியை எடுத்தாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்ட, நடை வேகத்தில் ஓட்டி டீச்சரைக் கால் பயிற்சி நிலையத்தில் இறக்கினாள். திரும்பவும் அப்படியே உருட்டி வீட்டில் விட்டாள். அன்று சனிக்கிழமை. மறுநாள் ஓட்டமில்லை. வண்டி வீட்டு முற்றத்துக்கு வரும்வரை அந்தச் சளப் ஒவ்வொரு திருப்பத்திலும் கூடவே வந்தது.

வண்டியின் உடம்பு முழுக்க அவள் கணவரின் கைவேலை. அவருக்குப் பட்டி மாஸ்டர் என்று பெயர். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, மிச்சப் பள்ளத்தில் பட்டிப் பசையைப் பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து நிறுத்தினாரென்றால் இடித்தவனே வந்து தேடினாலும் இடித்த இடம் தெரியாது. நல்ல வெல்டரும்தான். கண்ணாடி மாட்டாமல் வெல்டு வைப்பது வீரம் என்று நினைக்கிற கூட்டம் ஒன்று உண்டு, அதில் முன்வரிசை. ஒருநாள் பொறி பறந்து இடது கண்ணில் விழுந்தது. கண் போனது, அதோடு ஓட்டுநர் உரிமமும் போனது. வண்டியை விற்கலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து சோறு போடுவது அவள் கை. ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் அவர் சொல்வது இதுதான்: "ஓட்டறதுதான் அவ. வண்டி என்னுது."

வண்டியை யாராவது ஒரு துணி எடுத்துத் துடைத்தால்கூட அவருக்கு ஆகாது.

மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பை ஊற்றாமல் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"டீச்சர் உக்கார்ற எடத்துல தரை அமுங்குதுங்க."

"மேல விரிச்ச மேட்டு அமுங்கும். ரப்பர்னா அமுங்கத்தான் செய்யும். தலகாணி அமுங்கல?"

"தலகாணிய அமுக்கினா தண்ணி வருமா?"

"நீ கண்ணாடிய எறக்கிவிட்டு ஓட்டுவ. சாரல் அடிக்கும். கொழம்ப ஊத்து."

"பின்பக்கக் கண்ணாடி எறங்கவே எறங்காது. எந்த ஜன்னல் வழியா சாரல் அடிக்குது?"

"அப்ப டீச்சர் குடை கொண்டுவந்திருக்கும்."

"குடைத் தண்ணி படிக்குள்ள போயி அலம்புமா? நானே காதால கேட்டேன். டீச்சரும் கேட்டாங்க. பிரேக் போட்டா நாற்காலி திரும்புதுங்க."

அவர் வெறுஞ்சோற்றைப் பிசைந்தார். "அவங்க கணக்கு வாத்தியார். எதையும் பெருக்கித்தான் பழக்கம்."

நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னார். சிரிக்க ஆளில்லை. மகள் அப்போதுதான் வேலையிலிருந்து நனைந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பட்டத்தால் அவளுக்குக் கிடைத்தது ஒரு அலுவலகத்தில் நாற்காலி. வீட்டுக்குக் கிடைத்தது விண்ணப்பம் நிரப்பவும் ரீசார்ஜ் பண்ணவும் ஓர் ஆள். வேறு எதிலாவது வாயைத் திறந்தால் "படிச்ச திமிரு" என்று பெயர்.

"மேட்டைத் தூக்கிப் பாத்துட வேண்டியதுதானே?" என்றாள்.

"பாப்பா, படிச்ச படிப்புக்கு ஃபைலத் தூக்கு. என் மேட்டைத் தூக்காத."

"உள்ள என்ன இருக்குன்னு பயப்படறீங்க?"

"பயமா? நான் போட்ட தரை அது. யானை நின்னாலும் தாங்கும்."

வேன்காரம்மா அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள், ஓரத்தில் வழிந்தது.

"யானைய ஏத்தச் சொல்லி யாரும் கேக்கல. திங்கக்கெழம காலையில டீச்சர ஏத்தணும். நாளைக்கு நான் பாத்துடறேன். பாக்காம அந்த எடத்துல அவங்கள உக்கார வைக்க மாட்டேன்."

"ஏத்தாட்டிப் போ. வேற வண்டி வரும்."

வேற வண்டி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். போன மழையில் ஒருநாள் இவர்கள் வண்டி கிளம்பவில்லை. பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு ஆட்டோவை அனுப்பினார்கள். அந்த ஆள் டீச்சரை அக்குளில் கைகொடுத்து மூட்டை மாதிரித் தூக்கி சீட்டில் போட்டான். டீச்சர் வலி என்று சொல்லவில்லை. "என்னை இனிமே நாற்காலியோட ஏத்தற வண்டியில மட்டும் அனுப்புங்க, இல்லாட்டி வீட்டோட விட்டுருங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஊரில் நாற்காலியோடு ஏற்றும் வண்டி இது ஒன்றுதான். இது நின்றால் டீச்சர் வீடு. வீடென்றால் கட்டில். அசைய ஆரம்பித்திருந்த வலது கால் கட்டை விரலும் பழையபடி மரக்கட்டை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. முற்றத்தில் வண்டியை நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வேன்காரம்மா வண்டிக்குள் இடது பக்கச் சுவரில் அடித்திருந்த பலகையைத் திருகாணி திருகாணியாகக் கழற்றினாள். பட்டி மாஸ்டர் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பேப்பரும் கையுமாக உட்கார்ந்துகொண்டார். தடுக்கவில்லை. போகவும் இல்லை.

மகள் தண்ணீர்க் குழாயை எடுத்துக் கூரைமேல் பிடிக்கப் போனாள். பிறகு அவளே கையை இறக்கினாள்.

"மேல ஊத்தினா எல்லா எடமும் நனையும்மா. நம்ம சமையக்கட்டுல ஒழுகினப்போ அப்படித்தான ஏமாந்தோம். கீழேர்ந்து வரேன். வர்ற எடத்துல நீ சொல்லு."

"சரி. மெதுவா விடு. ஒரே எடத்துல கொஞ்ச நேரம் புடி."

உள்ளே அம்மா டார்ச்சோடு மண்டியிட்டிருந்தாள். வெளியே மகள் சக்கர வளைவிலிருந்து ஆரம்பித்தாள்.

"வருதா?"

"இல்ல."

கதவின் அடிவிளிம்பு.

"வருதா?"

"இல்ல."

கதவின் கீல். கதவின் மேல்விளிம்பு. ஒவ்வோரிடத்திலும் தண்ணீர் தகட்டில் தவழ்ந்து கீழே போனதே தவிர உள்ளே போகவில்லை. பட்டி மாஸ்டர் பேப்பரின் அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஊத்துங்க, ஊத்துங்க. வண்டி குளிச்சும் நாளாச்சு," என்றார்.

மகள் ஸ்டூல்மேல் ஏறி, பின்பக்க ஜன்னலின் கீழ் மூலையில் குழாயைப் பிடித்தாள்.

"வருதா?"

உள்ளே டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது.

"அம்மா, வருதா?"

"வருது. வருதுடி! நிறுத்து. இல்ல, நிறுத்தாத, அப்படியே புடி!"

ஜன்னலைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பர் வெயிலில் காய்ந்து சுருங்கி, மூலையில் அரிசி நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. வெளியேயிருந்து பார்த்தால் தெரியாது. அதன்வழியே தண்ணீர் நூல்போல இறங்கி, தகட்டுச் சுவரின் உள்பக்கமாக ஓடி, கதவுப் படிக்குக் கீழே நீளவாக்கில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போய் மறைந்தது. வேன்காரம்மா டார்ச்சை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டி மாஸ்டர் எழுந்துவிட்டார். சிரித்த முகமாக எழுந்தார்.

"நான் சொல்லல? ரப்பர்! இதுக்குப் போயி ரெண்டு நாளா ஊரைக் கூட்டறீங்க. ஒரு டியூப் சீலன்ட் அடிச்சா முடிஞ்சுது. எடு, நான் அடிக்கிறேன்."

"இருங்க," என்றாள் உள்ளேயிருந்து. "வர்ற வழி தெரிஞ்சுது. வந்த தண்ணி எங்க போச்சு?"

"எங்க போகும்? கீழ போகும்."

"கீழ ஒரு சொட்டுகூட விழலையே. இவ்வளவு நேரம் ஊத்தியிருக்கா. வெளியில வழிஞ்சதுதான் ஈரம், பெட்டிக்கு நேர் அடியில காய்ஞ்சு கெடக்குது பாருங்க."

எந்த வண்டியானாலும் அந்தப் பெட்டியின் அடியில் கட்டைவிரல் அகலத்தில் வடிகால் ஓட்டைகள் இருக்கும். தகடு என்றால் எங்காவது தண்ணீர் புகும், புகுந்தது வெளியே போக வேண்டும் என்று செய்தவனுக்குத் தெரியும். மகள் பழைய கோணியை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தாள். விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் மொத்தையாக ஏதோ கெட்டித்திருந்தது. அதன்மேல் வண்டியின் அதே நிறத்தில் அழகாகப் பெயின்ட்.

"அப்பா," என்றாள் அடியிலிருந்தபடியே. "இதை யாரு அடைச்சா?"

அவர் கையிலிருந்த பேப்பரை மடித்தார்.

வேன்காரம்மாவுக்கு அதற்குள் நினைவு வந்துவிட்டது. எலி. சில மழைக்காலங்களுக்கு முன்னால் ஓடும் வண்டியில் ஒரு எலி அவள் பாதத்தின்மேல் ஏறி ஓடியது. ஸ்டியரிங் கையைவிட்டுப் போய், வண்டி மின்கம்பத்தை முத்தம் கொடுக்கிற தூரத்தில் நின்றது. அன்று சாயங்காலமே அவர் வண்டிக்கடியில் படுத்து, இருந்த ஓட்டைகளையெல்லாம் சீலன்டால் அடைத்தார். "எலியென்ன, எறும்பு நுழையட்டும் பாக்கலாம்" என்று தெருவையே குனியவைத்துக் காட்டினார். அன்றைக்கு அவளும்தான் பூரித்தாள். எனக்காகச் செய்தாரே என்று இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள். அந்த முட்டை இப்போது தொண்டையில் ஏறி நின்றது.

"குத்துடி," என்றாள்.

மகள் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடிக்குப் பொத்துக்கொண்டது.

டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அவள் நெற்றியிலும் முடியிலும் கொட்டியது. துருவும் செத்த பூச்சியும் அழுகிய ரப்பரும் கலந்த நாற்றம். உருண்டு வெளியே வந்து துப்பினாள். தண்ணீர் நிற்கவில்லை. முற்றத்துச் சரிவில் ஓடி, கவிழ்த்த பெயின்ட் டப்பாவைச் சுற்றிக்கொண்டு, பட்டி மாஸ்டரின் செருப்பை நனைத்தது. அவர் ஒரு காலைத் தூக்கினார். அப்புறம் மறு காலை.

"எறும்பு வரல," என்றாள் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "சரியாத்தான் அடைச்சிருக்கீங்க."

"வாய மூடு."

"அடைக்கிற வேலையெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்."

வேன்காரம்மா வண்டிக்குள்ளிருந்து இறங்கவில்லை. திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, மரக் கைப்பிடியால் விரிப்பின்மேல் தட்டத் தொடங்கினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்தாள். டங். டங். முன் வளையம். டங். நடுத்தரை. டங். பின் வளையத்தை நெருங்கினாள்.

டொப்.

மறுபடி தட்டினாள். டொப். பூசணிக்காயில் தட்டுவது போல.

முற்றத்தில் பட்டி மாஸ்டரின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. காலமெல்லாம் தகட்டைத் தட்டியே பிழைத்தவர். அந்தச் சத்தம் என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அது... சத்தம் வரக்கூடாதுன்னு அடியில கம்பளி போட்டிருக்கேன்," என்றார்.

"எப்ப போட்டீங்க?"

"போட்டேன். மேட்டைத் தூக்காத, ஒட்டியிருக்கேன், கிழிஞ்சிரும்."

மகள் ஏறப் போனாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. அந்த வீட்டில் கத்தல்கள் நிறையக் கேட்டிருக்கின்றன. யாரும் அவற்றுக்குப் பயந்ததில்லை. இந்தக் குரலுக்கு இரண்டு பேரும் நின்றார்கள்.

"சரிங்க. மேட்டைத் தூக்கல. நீங்க சொன்னா சொன்னதுதான்."

கொட்டகையிலிருந்த பழைய சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து, பலகையை வைத்து வண்டிக்குள் ஏற்றினாள். டீச்சர் உட்காரும் இடத்தில் நிறுத்தினாள். முன் பட்டை இரண்டும் மாட்டினாள். பின் பட்டை இரண்டும் மாட்டினாள்.

"வாங்க. வந்து உக்காருங்க."

"எதுக்கு?"

"வளைவுவரைக்கும் ஒரு ஓட்டம். நான் எப்பவும் வர்ற வேகத்துல வருவேன். ஒரு பிரேக். நாற்காலி நின்னுச்சுன்னா நான் தப்புச் சொன்னேன்னு உங்க கால்ல விழறேன். நாளைக்கு டீச்சர ஏத்தறேன்."

அவர் வண்டியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது.

"யானை நின்னாலும் தாங்கும்னீங்க," என்றாள் மகள். "நீங்க யானையில கால்வாசிகூட இல்லப்பா."

"எனக்கு இடுப்பு வலிக்குது."

"டீச்சருக்கு இடுப்புக்குக் கீழ வலியே கெடையாது," என்றாள் வேன்காரம்மா. "அதுக்காக அவங்கள உக்கார வெச்சிரலாமா?"

அவர் நின்றுகொண்டே இருந்தார். கேட்டதற்குப் பதில் அதுவே. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்துவிட்ட பிறகும் ஒரு மனிதன் தன் வாயால் சொல்லும்வரை வீட்டுப் பெண்கள் காத்திருக்க வேண்டும் என்று ஒரு மரியாதை இருக்கிறதே, அந்த மரியாதையில் இன்னும் கொஞ்சநேரம் போனது.

பிறகு அவர் ஏறினார். நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். ரப்பர் விரிப்பின் நுனியைப் பிடித்து, தன் கையாலேயே இழுத்தார். பசை விட்டுக்கொடுக்கவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். பர்ரென்று கிழிந்து வந்தது.

அடியில் தரை அழகாக இருந்தது. வழவழவென்று சாம்பல் பெயின்ட். ஒரு சுருக்கமில்லை, ஒரு மேடில்லை. வேன்காரம்மா திருப்புளியின் நுனியை அதில் வைத்து லேசாக அழுத்தினாள். மோரில் கரண்டி இறங்குவதுபோல இறங்கியது. நெம்பினாள். பெயின்ட், அதன்கீழ் பட்டி, பட்டியின்கீழ் நார்த்துணி, துணியின்கீழ் கருகிய ரொட்டிபோல அடுக்கடுக்காக உதிரும் துரு. அதற்கும் கீழே முற்றத்து மண் தெரிந்தது. ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது.

மகள் வளையத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஆடுகிற பால்பல்லைப் போல, போல்ட்டும் சுற்றியிருந்த துருத் தகடுமாகக் கையோடு வந்துவிட்டது.

அவள் அதை அப்பாவின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"எப்பத் தெரியும்?"

"மழைக்கு முன்னாடி."

"தெரிஞ்சு, துணிய ஒட்டிப் பட்டி பூசினீங்க. அதுமேல ஒரு உசுரைக் கட்டிப்போட்டீங்க."

"வெட்டித் தகடு வைக்கலாம்னுதான் இருந்தேன் பாப்பா."

"ஏன் வைக்கல? வெட்டினா வெல்டு வைக்கணும், அவ்வளவுதான? எத்தனை வண்டிக்கு வெச்சிருக்கீங்க!"

அவர் வண்டிப் படியில் உட்கார்ந்தார். உதிர்ந்த பட்டியை ஒரு விரலால் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வெல்டு வைக்கிற கோடு ரெண்டாத் தெரியுது."

"கெட்ட கண்ணுலயா?" என்றாள் மனைவி.

"கெட்ட கண்ணுல என்ன தெரியப் போகுது? நல்ல கண்ணுல."

வேன்காரம்மா கையிலிருந்த டார்ச் அணைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் அது ஒன்றுக்கும் உதவாமல் கூரையில் ஒரு மஞ்சள் வட்டம் போட்டது.

"எத்தனை நாளா?"

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமாத்தான். வேற வெல்டரக் கூப்பிட்டா, பட்டி மாஸ்டர் வண்டிக்கு இன்னொருத்தன் வெல்டு வைக்கிறான்னு ஆயிரும். அப்புறம் எவன் எனக்கு வேலை தருவான்?"

பாவம்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் பாவப்பட்டவர்கள் செய்யும் காரியங்களுக்குப் பலி யாராவது ஒரு பெண்தான் என்பதிலும் சந்தேகமில்லை. மகளுக்கு அழுகை வந்தது. அதற்காகக் கோபம் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அவளுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

"சொல்லியிருக்கலாமே," என்றாள் வேன்காரம்மா. "எங்கிட்டயாவது."

"எதச் சொல்ல? ஒரு கண்ணு போனப்ப ஸ்டியரிங்கக் குடுத்தேன். இன்னொண்ணு போகுதுன்னு சொன்னா எதக் குடுக்கறது?"

அவள் போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டாள். கை முழுக்கத் துரு என்பதால் ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டின்மேல் வைத்தாள்.

"டீச்சர், நாந்தான். நீங்க உக்கார்ற எடத்துல தரை இல்ல."

"என்னது?"

"துருப்பிடிச்சு ஓட்டையாயிருச்சு. மேல பூசி மறைச்சிருக்குது. இத்தனை நாளா உங்கள அதுமேலதான் வெச்சு ஓட்டியிருக்கேன். எனக்குத் தெரியாது டீச்சர். ஆனா ஓட்டினது நான்தான்."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"யாரு பூசினது?"

வேன்காரம்மா கணவரைப் பார்த்தாள். அவர் படியில் குனிந்திருந்தார்.

"அவர்தான். கண்ணு சரியாத் தெரியலையாம். வெல்டு வைக்க முடியலையாம். இன்னிக்கு வேற ஆளை வெச்சு வெட்டித் தகடு போடப் போறோம்."

"தகடு வெச்சு ஒக்கிட்டா நல்லாயிருமா?"

"ஆயிரும்."

"யாரு சொல்றா? உன் வீட்டுக்காரரா?" டீச்சர் கத்தவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவதுபோலப் பேசினார். "என்னால குதிச்சுத் தப்பிக்க முடியாதும்மா. பட்டையில கட்டினா கட்டினதுதான். அதனால ஒண்ணு சொல்றேன். முதல்ல அவரைக் கட்டி ஓட்டு. அவர் உக்கார்ற அன்னிக்கு நான் உக்கார்றேன்."

போன் அணைந்தது.

மெயின் ரோட்டு வெல்டர் மெஷினோடு வருவதற்குள் மகள் மிச்ச வடிகால்களையும் குத்தித் திறந்திருந்தாள். வெல்டர் குனிந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்ன மாஸ்டர், தோசை சுட்டு வெச்சிருக்கீங்க?" என்றார்.

"சுட்டுட்டேன்," என்றார் பட்டி மாஸ்டர். "நீ வெட்டு."

கட்டிங் மெஷின் அலறியது. ஓட்டையைச் சுற்றிக் கையகலத்துக்கு வெட்டிவிட்டு வெல்டர் நிறுத்தினார். "போதுமில்ல?"

பட்டி மாஸ்டர் வண்டிக்குள் மண்டியிட்டு, வெட்டிய விளிம்பை விரலால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். சுத்தியலால் தட்டினார். "இன்னும் வெட்டு."

"மாஸ்டர், இது நல்லாத்தான் இருக்கு."

"மேல நல்லாருக்கும். அடியில தின்னிருக்கும். இன்னும் வெட்டு."

வெட்டினார். மறுபடி தடவல். "இன்னும்." தரையில் பெரிய சன்னல்போலத் திறப்பு விழுந்தது. "அண்ணே, இதுக்குமேல வெட்டினா சக்கரத்தையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான்," என்றார் வெல்டர். விளிம்பு முழுக்க இரும்பு வெள்ளையாக மின்னியபிறகுதான் பட்டி மாஸ்டர் கையை எடுத்தார்.

ஈரச் சாக்கைச் சுற்றிலும் விரித்தார்கள். கனமான தகடு உட்கார்ந்தது. வெல்டு வைக்கும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெல்டரிடம் கண்ணாடி இருந்தது. வளையத்துக்கு அடியில் தனியாக ஒரு இரும்புத் தட்டு கொடுத்துப் போல்ட்டை முடுக்கினார்கள். மகள் ஜன்னல் ரப்பரின் வாயைத் துடைத்துக் காயவைத்து அடைத்தாள். வடிகால்களை அடைக்கவில்லை, எலி வராமல் கம்பி வலை மட்டும் வைத்துக் கட்டினாள். புதுத் தகட்டுக்குச் செங்கல் நிறத்தில் துருத்தடுப்பு பெயின்ட் அடித்தார்கள். வெல்டு வைத்த கோடு மண்புழுபோல மேடாக நெளிந்து கிடந்தது.

பட்டி மாஸ்டரின் கை பழக்கத்தில் பட்டி டப்பாவை நோக்கிப் போனது.

"வேணாம்," என்றாள் வேன்காரம்மா. "கோடு தெரியட்டும்."

கை திரும்பி வந்தது.

வெல்டர் போனபின் மீண்டும் குழாயைப் பிடித்தார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. படிப் பெட்டிக்குள் வேண்டுமென்றே ஒரு குவளை ஊற்றினாள் மகள். அடியில் ஒழுகி மண்ணில் விழுந்தது. அதற்கே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வெளிச்சம் குறைவதற்குள் மழை மறுபடி தூறத் தொடங்கியது.

யாரும் கூப்பிடவில்லை. பட்டி மாஸ்டர் பழைய நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து ஏற்றி, அந்த இடத்தில் நிறுத்தி, உட்கார்ந்தார்.

"கட்டு பாப்பா."

அவள் கட்டினாள். மார்புப் பட்டையை இழுத்து முடுக்கினாள்.

"இறுக்குது."

"டீச்சருக்கும் இப்படித்தான் இறுக்குவோம்."

மகள் முன்னிருக்கையில் ஏறிக்கொள்ள, வேன்காரம்மா வண்டியை எடுத்தாள். தெரு முடிந்து, சாலை வந்தது. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பின்னால் அவர் கைப்பிடியைப் பற்றியிருந்த விதம் நேற்று டீச்சர் பற்றியிருந்த விதம்தான். தனக்குமுன் நடப்பது எதுவும் தன் கையில் இல்லாத இடம் அது. காலை ஊன்ற முடியாது. குனிய முடியாது. ஓட்டுகிறவளை நம்புவது, தரையை நம்புவது, இரண்டைத் தவிர வேறு வேலை இல்லை. வளைவு வந்தது. சளப் சத்தத்துக்காக மூன்று பேரும் காதைத் தீட்டினார்கள். இல்லை. மழை மட்டும்தான்.

பிரேக்கை மிதித்தாள்.

டயர் கிறீச்சிட்டது. பெல்ட் மகளின் தோளை அறுத்தது. பின்னால் நான்கு பட்டைகளும் ஒரே நேரத்தில் விறைத்து அதிர்ந்தன. நாற்காலி அசையவில்லை.

பட்டி மாஸ்டர் மூச்சு விட்டார். "இன்னொரு தடவை," என்றார். "வேகமா."

வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வேகமாக மிதித்தாள். நாற்காலி நின்றது. மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. அவளாகவே திருப்பினாள், அவளாகவே மிதித்தாள், முந்திய இரண்டையும்விட ஓங்கி. தலை முன்னால் போய்ப் பின்னால் வந்து இடித்தது அவருக்கு. அது சோதனைக்கான பிரேக் இல்லை என்று வண்டியிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

ஓரமாக நிறுத்தி, போனைப் பின்னால் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். தூரத் தள்ளினார். மறுபடி கிட்டக் கொண்டுவந்தார். மகள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாங்கி, டீச்சர் பெயரை அழுத்திக் கொடுத்தாள்.

"டீச்சர்... நான்தான். உக்காந்து பாத்துட்டேன்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"பயமா இருந்துச்சா?"

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"இருந்துச்சு டீச்சர்."

"நல்லது. காலையில வண்டிய அனுப்புங்க. நீங்களும் ஏறி வாங்க. பயிற்சி நிலையத்துக்கு எதிர்லதான் கண்ணாஸ்பத்திரி. நான் உள்ள போறப்ப நீங்க அங்க போங்க. பூசி மறைக்கிற எடம் இல்ல அது."

வைத்துவிட்டார். பட்டி மாஸ்டர் போனை மடியில் வைத்தார். பிறகு மார்புப் பட்டையில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"அவுத்துவிடு பாப்பா."

மகள் முன்னால் திரும்பி, கண்ணாடியில் ஓடும் மழையைப் பார்த்தாள்.

"வீடு வரட்டும்பா," என்றாள்.

வேன்காரம்மா கியரைப் போட்டாள்.